எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள்?

பிடித்த ஆல்பம் எது என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெயர் மட்டும் போதாது என்பது என் கட்சி. ஒரே ஆல்பம் இரண்டு சுருதியில் உலவுகிறது. ஒரே பாட்டு மோனோவில் (ஒற்றை ஒலித்தடம்) ஒரு வேகம், ஸ்டீரியோவில் (இடம், வலம் என இரட்டைத் தடம்) இன்னொரு வேகம். ஒரே மூச்சில் வாசித்ததை இரண்டு துண்டாக்கி விற்றிருக்கிறார்கள். நாம் விரும்புவது இதில் எதை என்று தெரிந்துகொண்டால் விருப்பம் குறையாது, கூடத்தான் செய்யும். எனக்கு மிக நெருக்கமான சில ஆல்பங்களை வைத்தே இதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'. 1959இல் மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டே நாளில் பதிவானது. இடம் நியூயார்க்கின் 30ஆம் தெருவில் கொலம்பியா நிறுவனம் ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்த ஒரு பழைய தேவாலயம். மார்ச் 2 அன்று பதிந்த 'ஸோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'புளூ இன் க்ரீன்' மூன்றும் எல்.பி.யின் (நீண்டநேர இசைத்தட்டு) முதல் பக்கமாயின. அன்றைக்கு முதன்மை டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் என்ன ஆகும்? பாட்டும் வேகமாகும், சுருதியும் ஏறும். அந்த ஏறிய சுருதியில்தான் முப்பது வருடத்துக்கும் மேலாக உலகம் முதல் பக்கத்தைக் கேட்டது. நல்லவேளையாக அதே நேரத்தில் பாதுகாப்புக்கென்று இரண்டாவது மெஷின் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வேகம் சரி. 1992இல் அந்த டேப்பிலிருந்து சுருதி திருத்திய பதிப்பு வந்தது. 1997 மறுபதிப்பும் அதே வழியில் வந்ததுதான்.

உங்களிடம் இருப்பது எது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். தம்பூரா செயலி ஒன்றை இரண்டு கட்டையில், அதாவது டி சுரத்தில், வையுங்கள். செயலியின் அடிப்படை, அதாவது ஏ சுரத்தின் அலைவெண், 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 'ஸோ வாட்' தொடக்கத்தில் பியானோவும் பாஸும் (கீழ் சுரங்கள் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) தாளமில்லாமல் தயங்கித் தயங்கி வாசிக்கும் அரை நிமிடத்தை விட்டுவிடுங்கள், அது இந்தச் சோதனைக்கு உதவாது. அதன்பின் பால் சேம்பர்ஸின் பாஸ் கேள்வி கேட்பது போல ஒரு வரி வாசிக்கும். மற்றவர்கள் இரண்டு அடியில் பதில் சொல்வார்கள். பாஸ் சட்ஜத்தில் வந்து நிற்கும் இடங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். தம்பூரா அதோடு ஒட்டினால் திருத்திய பதிப்பு. உரசினால், செயலியின் நுண்சுருதியைச் சென்ட் சென்டாக (ஒரு சென்ட் என்பது அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மேலே ஏற்றிப் பாருங்கள். ஐந்தாறு சென்ட் விலகலை வைத்து எதுவும் முடிவு கட்டக் கூடாது. அதற்கு மேல் நன்றாகவே ஏற்றிய பிறகுதான் உரசல் நிற்கிறது என்றால் கையில் இருப்பது பழைய வேகம். ஏப்ரலில் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு கிடையாது. ஆகவே சந்தேகம் வந்தால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடலாம்.

இசைத்தட்டில் கேட்பவர்கள் ஆல்பத்தைக் குறை சொல்லும் முன் தங்கள் டர்ன்டேபிளைச் சோதிக்க வேண்டும். ஒரு சதவீத வேகப் பிழை சுமார் 17 சென்ட் சுருதியை நகர்த்திவிடும். சோதிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். தட்டின் லேபிளில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். ஊசியைத் தட்டில் இறக்கிவிட்டு (ஊசியின் இழுவை இல்லாமல் அளந்தால் கணக்கு மாறும்) அந்தத் துண்டு 100 முறை சுற்றி வர ஆகும் நேரத்தை அளந்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பதால் சரியாக 3 நிமிடம் ஆக வேண்டும். 1.8 விநாடி கூடினாலோ குறைந்தாலோ ஒரு சதவீதப் பிழை. எண்ணத் தொடங்கும் சுற்றைப் பூஜ்யம் என்று எண்ணுங்கள். ஒன்று என்று தொடங்கினால் ஒரு சுற்று குறைந்து கணக்கு பிசகும். பெல்ட் ஓட்டும் மெஷின்களில் வேகம் குறைந்திருந்தால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது மோட்டாரின் உருளையில் அழுக்கு ஏறியிருக்கும்.

சுருதி சரியானபின் 'ஸோ வாட்' நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டோரியன் என்று அவர்கள் சொல்லும் சுர வரிசை நம் கரகரப்ரியாவின் சுரங்களேதான். ச, சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். பாஸின் கேள்விக்கு வரும் அந்த இரண்டு அடிப் பதிலை நம் சுரத்தில் எழுதினால் முதல் அடி கீழிருந்து மேலாக ரி-ப-ச-ம-த, அடுத்த அடி ச-ம-நி-க-ப. ஐந்து சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. முதல் நான்கும் ஒன்றுக்கொன்று மத்யம தூரத்தில் அடுக்கியவை, மேலே உள்ளது மட்டும் அந்தர காந்தார தூரம். அதனால்தான் அந்த ஒலி மேஜரும் இல்லாமல் மைனரும் இல்லாமல் நடுவில் மிதக்கிறது. ஆர்மோனியத்தில் இந்த இரண்டு அடுக்குகளையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தால் போதும், பாட்டின் நிறம் முழுவதும் விரலுக்கு வந்துவிடும்.

மொத்தம் 32 அளவைகள் (நான்கு நான்கு அடி கொண்ட பார்கள்) ஒரு சுற்று. முதல் 16 டி சுருதியில், அடுத்த 8 அரை சுரம் ஏறி இரண்டரை கட்டையில், கடைசி 8 மறுபடி டி. நடுவில் வரும் அந்த 8 அளவைகள் ஏறக்குறைய 14 விநாடி ஓடும். இதைச் சிலர் கிரகபேதம் என்கிறார்கள். தவறு. கிரகபேதத்தில் சுரத்தானங்கள் அப்படியே இருக்க, ஆதாரம் மட்டும் மாறும். இங்கே ஆதாரம், சுரங்கள் எல்லாமே கூண்டோடு அரை சுரம் மேலே போகின்றன. பழைய சட்ஜம் புதிய வரிசையில் இடமே இல்லாத சுரமாகிவிடுகிறது. தம்பூராவை ஓடவிட்டே கேட்டால் அந்த 14 விநாடியும் பல்லைக் கூசும். மீண்டும் டி-க்கு இறங்கும் கணத்தில் வரும் நிம்மதிக்காகவே தம்பூராவை நிறுத்தாமல் ஒருமுறை கேட்கச் சொல்வேன். சாக்ஸஃபோன் வாசிக்கும் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் அந்த இறக்கத்தை எப்படிக் கையாள்கிறார்கள் என்று தனித்தனியாகக் கவனியுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஆரம்பகாலத் தட்டுகள் சிலவற்றில் இரண்டாம் பக்கத்தின் இரண்டு பெயர்களும் இடம் மாறி அச்சாகிவிட்டன. பியானோ நடுங்கிக்கொண்டே இருக்க ஆறு ஆறாக எண்ண முடிவது 'ஆல் புளூஸ்'. எண்ணிக்கை பிடிபடாமல், ஒவ்வொருவரும் ஐந்து சுர வரிசைகளை வேண்டிய மட்டும் நீட்டி வாசித்துக் கடப்பது 'ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்'.

அதே தேவாலய ஸ்டுடியோவில்தான் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், ஜெர்மன் இசைமேதை பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' உருப்படியை (ஆரியா என்ற மெட்டும் அதன் 30 மாறுபாடுகளும்) இரண்டு முறை பதிந்தார். 1955இல் ஒருமுறை, 1981இல் மறுமுறை. முதலாவது 38 நிமிடத்துக்குச் சற்று மேல், இரண்டாவது 51 நிமிடம். இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும், வயதானதும் மெதுவாகிவிட்டார் என்று சொல்லிவிடுகிறார்கள். பாதி உண்மைதான். 1955இல் மறுசுற்றுகளை, அதாவது ஒரு பகுதியை மறுபடி வாசிப்பதை, அவர் செய்யவே இல்லை. 1981இல் சில இடங்களில் செய்திருக்கிறார். நீளத்தில் ஒரு பங்கு அதில் போகிறது. ஆனால் தொடக்க ஆரியாவை மட்டும் ஒப்பிட்டால் உண்மையான மாற்றம் தெரியும். பழையது 1 நிமிடம் 53 விநாடி, புதியது 3 நிமிடம் 5 விநாடி. அதற்கு நேர்மாறாக, 25ஆவது வேரியேஷன் என்ற அந்த ஆழமான சோகப் பகுதியில் இளம் வயதுப் பதிவுதான் சற்று நீளம்.

1981 பதிவில் அவர் செய்த பெரிய வேலை காலப்பிரமாணம். ஒரே நாடித் துடிப்பை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு வேரியேஷனுக்கு அதை அப்படியே, இன்னொன்றுக்கு இரட்டிப்பாக, வேறொன்றுக்கு ஒன்றரையாக என்று கணக்குப் போட்டு இணைத்திருக்கிறார். முதல் காலம், இரண்டாம் காலம், திஸ்ரம் என்று தாளம் போட்டுப் பழகிய கைக்கு இது உடனே பிடிபடும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு வேரியேஷன் முடியும்போது தொடையில் தட்டிக்கொண்டிருக்கும் கையை நிறுத்தாமல் அடுத்ததற்குள் நுழையுங்கள். பல இடங்களில் அதே தட்டு புது நடைக்குப் பொருந்தி உட்காரும். மூன்றின் மடங்கு எண்ணுள்ள வேரியேஷன்கள் கேனன்கள், அதாவது ஒரு குரல் பாடியதையே இன்னொரு குரல் பின்தொடர்ந்து பாடும். 3ஆவதில் இரண்டாம் குரல் அதே சுரத்தில் தொடங்கும். 6ஆவதில் ஒரு சுரம் தள்ளி, 9ஆவதில் இரண்டு சுரம் தள்ளி என்று 27 வரை விலகிக்கொண்டே போகும். 30ஆவதில் மட்டும் கேனனுக்குப் பதில் நாட்டுப்புற மெட்டுகளைக் கோத்த கதம்பம். முதலில் இந்தக் கேனன்களை மட்டும் வரிசையாகக் கேட்டுவிட்டால் முழு உருப்படியும் அச்சுறுத்தாது.

பதிப்பு விஷயத்துக்கு வருகிறேன். 1981இல் டிஜிட்டல் பதிவு இளம் பருவத்தில் இருந்தது. அதனால் டிஜிட்டலிலும் அனலாக் டேப்பிலும் ஒரே நேரத்தில் பதிந்தார்கள். 1982இல் வெளியானது டிஜிட்டல் வடிவம். என் காதுக்கு அதில் பியானோ கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடு வறண்டு ஒலிக்கிறது. 2002இல் இரண்டு பதிவுகளையும் சேர்த்து வெளியிட்டபோது 1981 பதிவுக்கு அனலாக் டேப்பையே எடுத்துக்கொண்டார்கள். இடது கை சுரங்களுக்கு உடம்பு வந்திருக்கிறது. இரண்டும் கிடைத்தால் 2002 பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். வாசிக்கும்போது அவர் முனகுவது இரண்டிலும் கேட்கும். அது கோளாறு இல்லை, எந்தப் பதிப்பாலும் அதை நீக்க முடியாது.

எல்.பி.யின் ஒரு பக்கம் எவ்வளவு கொள்ளும் என்பது பல ஆல்பங்களின் எலும்புக்கூட்டையே தீர்மானித்திருக்கிறது. 20 நிமிடம் சௌகரியம். 25ஐத் தாண்டினால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டும். குறைத்தால் தட்டின் இரைச்சல் மேலே வரும். பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் 'கோல்ன் கான்செர்ட்' இதற்கு நல்ல உதாரணம். 1975 ஜனவரி 24 அன்று, கேட்ட பியானோவுக்குப் பதிலாக வந்து சேர்ந்த சின்ன பியானோவில், முன்கூட்டி எழுதாமல் வாசித்தது. அந்த பியானோவின் மேல் சுரங்கள் மெலிந்தும் கீழ் சுரங்கள் வலுவில்லாமலும் இருந்ததால்தான் அவர் நடு ஸ்தாயியிலேயே நின்று, இடது கையில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப உருட்டுகிறார். குறையிலிருந்து பிறந்த நடை அது. முதல் பகுதி 26 நிமிடம். தனிப் பியானோ என்பதால் ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டார்கள். இரண்டாம் பகுதியோ 30 நிமிடத்துக்கு மேல். அதனால் அதை 'ஏ', 'பி' என்று வெட்டி இரண்டு பக்கங்களில் போட்டார்கள். மேடையில் அது ஒன்றேதான். இன்று கோப்பாகக் கேட்பவர்கள் 'ஏ' முடிந்ததும் எழுந்துவிடாமல் 'பி'யோடு சேர்த்துக் கேட்க வேண்டும். 'சி' தனி, அது ரசிகர்கள் கேட்டதற்காகக் கடைசியில் வாசித்தது.

பக்கத்தின் நீளம் மட்டும் இல்லை, இடமும் முக்கியம். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசிக்குக் கீழே ஓடும் பள்ளத்தின் வேகம் ஒன்றாக இருக்காது. வெளி விளிம்பில் விநாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர், உள் வளையத்தில் சுமார் 21. அதே ஒரு விநாடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணிக்க வேண்டும். உச்ச அலைவெண்களுக்கு அங்கே இடம் போதாது. பல ஆல்பங்களில் பக்கத்தின் கடைசிப் பாட்டு மென்மையான மெதுநடைப் பாட்டாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே பித்தளை வாத்தியங்களையும் கூர்மையான பெண் குரலையும் வைத்தால் 'ஸ', 'ச' ஒலிகள் எச்சில் தெறிப்பது போல வெடிக்கும்.

உங்கள் தட்டுகளில் கடைசிப் பாட்டு மட்டும் கெட்டு ஒலித்தால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் ஊசி முனையில் பஞ்சு போல அழுக்கு திரண்டிருக்கிறதா? இருந்தால் பின்னாலிருந்து முன்னால், தட்டு சுற்றும் திசையிலேயே, மென்மையான தூரிகையால் துடைக்கவும். குறுக்கே துடைத்தால் ஊசியின் தண்டு வளையும். இரண்டாவது, ஊசியின் அழுத்தம். கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) தயாரிப்பாளர் 1.8 முதல் 2.2 கிராம் என்று சொல்லியிருந்தால் 2.0க்கு மேல் வையுங்கள். தட்டு தேயும் என்று பயந்து குறைத்து வைப்பவர்கள்தான் தட்டைக் கெடுக்கிறார்கள். அழுத்தம் குறைந்த ஊசி பள்ளத்தின் சுவரைப் பிடிக்க முடியாமல் குதித்துக் குதித்து அடிக்கிறது. அந்தக் காயம் நிரந்தரம். மூன்றாவது, கார்ட்ரிட்ஜின் கோணம். கோணம் அமைக்கும் முறைகளில் ஒன்றான பேர்வால்ட் முறையில் தட்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்க வேண்டும். காகித அளவுகோலை அச்சிட்டுப் பயன்படுத்துபவர்கள் அச்சின் அளவு 100 சதவீதமாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். பிரிண்டர் பக்கத்துக்குப் பொருத்துவதற்காகச் சுருக்கிவிடும், உழைப்பெல்லாம் வீண். இவை எல்லாம் சரியாக இருந்தும் கெட்டு ஒலித்தால், முன்னால் வைத்திருந்தவரின் தேய்ந்த ஊசி அந்தத் தட்டை உழுதிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை.

கோப்பாகக் கேட்பவர்களுக்கு வேறொரு தொல்லை. ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிறது. நடுவில் பாட்டுக்குப் பாட்டு கதவே கிடையாது, ஒன்று இன்னொன்றுக்குள் கரைகிறது. எம்பி3 இசையை 1152 ஒலி மாதிரிகள் (ஒலியை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்த எண்கள்) கொண்ட கட்டங்களாகத்தான் அடுக்கும். பாட்டு கட்டத்தின் நடுவில் முடிந்தால் மீதியை மௌனத்தால் நிரப்பிவிடும். ஒரு கட்டம் 26 மில்லி விநாடிதான், ஆனாலும் தொடர்ந்து ஓடும் ஒலியில் அது விக்கல் போலக் கேட்கும். எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பில் இந்தச் சிக்கல் இல்லை. ஆப்பில் இடைவெளியில்லா ஓட்டத்தை இயக்குங்கள், கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) பூஜ்யத்தில் வையுங்கள். கிராஸ்ஃபேட் 5 விநாடி என்று கிடந்தால், இசைக்கலைஞர்கள் மாதக்கணக்கில் செதுக்கிய இணைப்புகளின் மேல் ஆப் தன் சொந்த இணைப்பைப் பூசிவிடும். ஷஃபிளை அணைக்கச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன். ஒரே ஒரு இடத்தில் மௌனம் நியாயமானது: 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' முடிந்து 'மணி' தொடங்கும் இடம். அங்கேதான் தட்டைத் திருப்புவார்கள்.

அந்த 'மணி' பாட்டின் முகப்பில் சில்லறையும் கல்லாப்பெட்டியும் கிழியும் காகிதமும் தாளம் போடுகின்றன அல்லவா? ஒவ்வொரு ஒலியையும் ஒரே நீளமுள்ள டேப் துண்டாக அளந்து வெட்டி, ஏழையும் வளையமாக ஒட்டி ஓட்டியது அது. தகிட தகதிமி என்று ஏழாக எண்ணிக்கொண்டே போங்கள். சாக்ஸஃபோன் வரை கணக்கு தப்பாது. கிட்டார் தனி தொடங்கியதும் கை தடுமாறும், ஏனென்றால் அங்கே நான்குக்கு மாறிவிடுகிறார்கள். பாடல் வரி திரும்பும்போது ஏழும் திரும்பும்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) பற்றி எழுதாமல் என்னால் முடியாது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை, வயலின் வி. எஸ். நரசிம்மன். இதைப் பின்னணியில் ஓடவிட்டுக் கேட்டால் இனிமையாகக் கடந்து போய்விடும். அதற்காகச் செய்ததில்லை அது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடித்தளம், பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டீட்டா என்ற தொகுப்பின் தொடக்கப் பகுதியான பிரெலூடியோ. முதலில் அந்த மூலத்தை யாராவது ஒரு நல்ல வயலின் கலைஞர் வாசித்துக் கேளுங்கள், நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூச்சே விடாமல் ஓடும் பதினாறாம் பங்கு சுரங்கள். ஒரே வயலின்தான், ஆனால் கம்பிக்குக் கம்பி தாவுவதால் இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். மூன்று முறை கேட்டு அது மனதில் ஓடத் தொடங்கியபின் இளையராஜாவிடம் வாருங்கள். எது பாக் எழுதியது, எது புதிதாக முளைத்தது என்று காது தானே பிரிக்கும். பாக்கே அந்தப் பிரெலூடியோவை எடுத்து ஆர்கனுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக மாற்றித் தன் 29ஆம் கான்டாட்டாவின் (குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த உருப்படி) முகப்பில் வைத்தார். அதையும் கேட்டுவிட்டால், ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு கட்டும் இந்த வேலைக்கு எவ்வளவு பழைய மரபு இருக்கிறது என்று புரியும். இதை முடித்த கையோடு '...அண்ட் வி ஹேட் எ டாக்' கேட்க வேண்டும். தலைப்பே முந்தைய வாக்கியத்தின் மீதி. பிரித்துப் போடும் ஆப்பை மன்னிக்க முடியாது. 'மேட் மாட் மூட் ஃப்யூக்' கேட்கும்போது தொடக்கத்தில் வரும் வரியை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஃப்யூக் என்பதே அந்த வரி எத்தனை முறை, எந்தக் குரலில், எந்த ஸ்தாயியில் திரும்புகிறது என்ற விளையாட்டுதான். வரி தெரியாவிட்டால் திரும்பியதே தெரியாது.

இனி, இரண்டு பதிப்புகளை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி? எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அரை டெசிபல் கூடுதல் சத்தம் காதுக்குச் சத்தமாகத் தெரியாது. தெளிவாக, உயிரோட்டமாக, அழகாகத் தெரியும். புதிய மறுபதிப்புகள் பல சத்தம் கூட்டி வெட்டப்பட்டவை. உச்சங்களை நசுக்கி மொத்தத்தையும் மேலே தூக்கியிருப்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் புதியதே ஜெயிக்கும், பத்து நிமிடத்தில் காது களைத்துவிடும். ஆகவே முதல் வேலை சத்தத்தைச் சமப்படுத்துவது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டு கோப்புகளையும் திறந்து, லவுட்னஸ் நார்மலைசேஷன் வழியாக இரண்டையும் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். உச்ச அளவை வைத்துச் சமப்படுத்தும் சாதாரண நார்மலைஸ் இதற்கு உதவாது. நசுக்கிய பதிப்பு அதிலும் சத்தமாகவே நிற்கும். சமப்படுத்தியபின் அலைவடிவத்தைப் பாருங்கள். நசுக்கியது செங்கல் மாதிரி இருக்கும், நல்லது சீப்புப் பல் மாதிரி மேலும் கீழும் போகும். பிறகு வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் கேளுங்கள். பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்ல முடிந்தால் வித்தியாசம் நிஜம். ஐந்தாறு முறை என்றால் விலை குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' (1967) ஆல்பத்தில் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், மோனோவும் ஸ்டீரியோவும் வெளிப்படையாகவே இரண்டு. அந்தக் காலத்தில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தது மோனோ. இசைக்குழு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கலந்தது அதைத்தான். ஸ்டீரியோ கலவை பிற்பாடு அவர்கள் இல்லாமல் விரைவாக முடிந்தது. 'ஷீ ஈஸ் லீவிங் ஹோம்' மோனோவில் நான்கு கட்டை, ஸ்டீரியோவில் மூன்று கட்டை. டேப்பை வேகம் கூட்டி ஓட்டியதால் ஏறிய அரை சுரம். மெதுவான ஸ்டீரியோவில் பாட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. மோனோவில் அந்தப் பெண் உண்மையிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பிப் போகிறாள். என் ஓட்டு மோனோவுக்கே. 2009இல் வந்த மோனோ சிடி தொகுப்பில் அது நல்ல நிலையில் கிடைக்கிறது. பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) விஷயத்திலும் மோனோதான் மூலம். அந்தக் குழுவின் பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமலே இருந்தது, அவர் மனதில் ஒலித்ததே மோனோவில்தான். முழு ஸ்டீரியோ கலவை முப்பது வருடம் கழித்து வந்தது. குரல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பிரித்துப் படிக்க அது உதவும், பாட்டாகக் கேட்க மோனோ.

'பெப்பர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'எ டே இன் தி லைஃப்'. 40 பேர் கொண்ட வாத்தியக் குழு கீழிருந்து மேலே ஏறிக் குவிந்தபின், சில பியானோக்களிலும் ஒரு ஆர்மோனியத்திலும் ஒரே நேரத்தில் விழும் ஈ மேஜர் அடுக்கு. அது தேயத் தேயப் பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக் மைக்குகளின் அளவை ஏற்றிக்கொண்டே போனார், அதனால் நாற்பது விநாடிக்கும் மேல் ஒலி சாகாமல் நிற்கிறது. முடிவை நெருங்கும்போது அளவு அவ்வளவு மேலே இருப்பதால் அறையே கேட்கத் தொடங்கும். அமைதியான நேரத்தில், ஹெட்ஃபோனில், சத்தத்தை நடுவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று தோன்றும்போது கை வைக்காதீர்கள். சில விநாடிகளில் யாரோ அசைய, ஒரு நாற்காலி கிறீச்சிடும். அது உங்கள் பதிப்பில் கேட்கவில்லை என்றால் வேறு பதிப்பைத் தேடுங்கள்.